மூன்று கோயிலுக்கு ஒரே மொட்டை

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு படகு இருக்கிறது. மந்தைவெளியில் படகுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் தெரு முழுக்க முட்டியளவு தண்ணீர் நின்றபோது, எங்கள் சங்கச் செயலாளர் இனி ஒரு முறை இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சபதம் செய்து, வீடு வீடாக வசூல் பண்ணி வாங்கிய ஃபைபர் படகு அது. கீழே வைத்தால் கார் நிறுத்தும் இடம் போகிறது என்று சண்டை வந்தது. கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இனி வெள்ளம் மூன்றாவது மாடியைத் தாண்டி வந்தால்தான் அது மிதக்கும். இப்போதைக்கு அதைக் கவிழ்த்துப்போட்டு, மேலே பழைய வேட்டியை விரித்து வடாம் காயவைக்கிறோம்.

நானும் அந்தச் சங்கத்தில் தொண்டர்தான். தரமணியில் ஓர் அலுவலகத்தில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. வீட்டிலிருக்கும் பெண் சும்மாதான் இருப்பாள் என்பது உலகத்தின் முடிவு என்பதால், மழைக்கு முந்தைய வேலைகளெல்லாம் என் தலையில் விழும். வாசலில் மணல் மூட்டை அடுக்குவது, மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, சாக்கடையைத் தூர்வாரச் சொல்லி ஃபோன் மேல் ஃபோன் போடுவது. மூட்டையில் இருக்கும் மணலைப் பூந்தொட்டிக்கு அள்ளிப் போகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதும் தொண்டில்தான் சேர்த்தி.

போன முறை நாங்கள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தோம். மழைதான் வரவில்லை. தூறிவிட்டுப் போய்விட்டது. செயலாளருக்குக் கை அரித்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கூட்டம் போட்டார். "வெள்ளம் வரலைன்னா சேவை நின்னு போயிடணுமா?" என்று கேட்டார். நின்று போகட்டுமே என்று எல்லாருக்கும் தோன்றியது, யாரும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் பொருளாளர். தெருவுக்கே மாமி. அவர் எழுந்து, "இந்தத் தடவை கேன்சருக்குப் பண்ணுவோம்" என்றார். கேன்சருக்கு எதிராகத்தான் என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

திட்டம் இதுதான். ஞாயிறு காலை லஸ் பூங்காவிலிருந்து எங்கள் தெருவரைக்கும் விழிப்புணர்வு நடை. வருகிறவர்கள் நன்கொடை தருவார்கள். முடிவில் எங்கள் வளாகத்தில் தலைமுடி தானம். வெட்டிக் கொடுக்கும் பின்னல்களை நோயாளிகளுக்கு விக் செய்ய அனுப்புவோம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் விற்காமல் தேங்கிய ரோஸ் நிற டி-ஷர்ட்டுகளைப் பெருந்தன்மையாகக் கொடுத்தார். முதுகில் 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்று அச்சடித்தோம். அவர் கடைப் பெயர் நெஞ்சில், இன்னும் பெரிதாக. காலைச் சாப்பாட்டுக்குப் பொங்கலும் இட்லியும் எங்கள் வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இட்லிக்கார அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்வாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையைக் காலி பண்ணி அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்ப் போட்ட பிறகும், விடியாத நேரத்தில் பஸ் பிடித்து இங்கேதான் வந்து இட்லி ஊற்றுகிறாள். "அங்க இட்லி சுட்டா ஆரு துன்னுவா? அல்லாரும் இட்லி சுட்டுக்கினுதான் கீறாங்க" என்பாள். பெரிய புண்ணியவதி ஒன்றும் இல்லை. சட்னியில் தண்ணீர் ஊற்றுவாள். கடன் சொன்னால் பரம்பரையை இழுப்பாள். ஆனால் இட்லி மட்டும் பஞ்சு.

இந்த நடைக்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒரு நாள் காலை, "யம்மா, ஒன் வண்டில என்னிய ராயப்பேட்ட ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறியா?" என்று கேட்டாள். காய்ச்சல் என்று நினைத்துக் கூட்டிப்போனேன். மார்பில் கட்டி. மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் அறுவை என்றார்கள். திரும்பும்போது சிக்னலில் நிற்கையில் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினாள்.

"யாராண்டயும் சொல்லிடாத. மருந்து கவருமெண்டு குடுத்துரும். சோறு ஆரு குடுப்பா? எனக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா எவன் என் கையால துன்னுவான்?"

ஒட்டுகிற நோய் இல்லையே என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "அது ஒனக்குத் தெரியும். ஒங்க ஜனத்துக்குத் தெரியுமா?" என்றாள்.

மருந்து ஏறியதும் முடி கொட்டத் தொடங்கியது. கொத்துக் கொத்தாக வந்தபோது மிச்சத்தையும் வழித்துவிட்டு, தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு வந்து நின்றாள். நம் ஊரில் சந்தனம் பூசிய மொட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை. "எந்தக் கோயில்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். திருப்பதி என்றாள். அடுத்த கேள்வியை இருவருமே யோசித்திருக்கவில்லை.

"லட்டு எங்கே?" என்றார் மாமி.

திருப்பதிக்குப் போய் லட்டு இல்லாமல் வருகிறவளை இந்த ஊர் கொலைகாரியைப் போலப் பார்க்கும். இரண்டு நாளில் கொண்டுவருகிறேன் என்று அக்கா சமாளித்தாள். நான் அலுவலகத்தில் பொய் சொல்லிவிட்டு, தி.நகர் பெருமாள் கோயிலில் திருப்பதி லட்டு விற்கும் நாள் பார்த்து வரிசையில் நின்றேன். மறுநாள் அக்கா அதை உதிர்த்து, இட்லி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்.

மருந்து நிற்கவில்லை, அதனால் முடியும் வளரவில்லை. சாமிக்குக் கொடுத்த முடி வாரக்கணக்கில் வளராமல் இருந்தால் ஜனங்கள் சாமியைச் சந்தேகப்பட மாட்டார்கள், மனுஷியைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆகவே திருத்தணிக்கு இரண்டாவது மொட்டை. அதற்கு விபூதிப் பொட்டலம் போதும், சுலபம். பழனிக்கு மூன்றாவது. பஞ்சாமிர்தத்துக்காக மயிலாப்பூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நடுவில் புருவமும் உதிர்ந்துவிட்டது. புருவத்தை எந்தச் சாமியும் கேட்பதில்லை. அதற்கு நான் மை பென்சில் வாங்கிக் கொடுத்து வரையக் கற்றுக்கொடுத்தேன். முதல் வாரம் அக்கா எந்நேரமும் எதையோ கண்டு ஆச்சரியப்பட்டவள் மாதிரியே இட்லி விற்றாள்.

வேடிக்கை என்னவென்றால், வியாபாரம் ஏறியது. இவ்வளவு பக்தியான கை சுட்ட இட்லி என்று பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருவர் தன் பெண்ணின் ஜாதகத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்து, வேண்டிக்கொள்ளச் சொன்னார். "இந்த மொட்ட முன்னாடியே போட்டிருக்கணும்மா" என்று அக்கா என் காதில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் மருந்து ஏற்றிய மறுநாள் அவள் அடுப்பின் முன் நிற்க முடியாமல் மடக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன். அவளுக்கோ யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

அந்த ஞாயிறும் வந்தது. ரோஸ் டி-ஷர்ட்டுகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் சிலருக்கு நைட்டி மாதிரியும் சிலருக்கு ரவிக்கை மாதிரியும் இருந்தது. லஸ்ஸிலிருந்து மந்தைவெளிக்கு நடந்ததை ஏதோ கைலாயத்துக்கு நடந்த மாதிரி எல்லாரும் படம் பிடித்துக்கொண்டார்கள். வளாகத்தில் பந்தல். ஒரு பக்கம் முடிவெட்ட இரண்டு நாற்காலிகள், இன்னொரு பக்கம் அக்காவின் வண்டி. கல்லூரிப் பெண்கள் சிலர் உண்மையிலேயே நீளமான பின்னல்களைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு ஒருத்தி அழுதாள். மற்றவர்கள் பொங்கல் வரிசையில் நின்றார்கள்.

மாமி கையில் மைக் கிடைத்ததுதான் வினை. பின்னல்கள் போதவில்லை என்ற கவலையில் இருந்தவர் கண்ணில் சந்தன மொட்டை பட்டுவிட்டது.

"எல்லாரும் பாருங்கோ. நம்ம இட்லிக்காரி மூணு கோயிலுக்கு முடி குடுத்தா. வேண்டாம்னு சொல்லலை. அதுல ஒரு தடவையாவது நமக்குக் குடுத்திருந்தா, பாவம், ஒரு கேன்சர் பேஷண்டுக்கு ஆகியிருக்குமோல்லியோ? ஏண்டிம்மா, நோக்குத் தோணலையா?"

ஒலிபெருக்கி தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் மைக்கைப் பிடுங்க ஓடினேன். பிரயோஜனமில்லை. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"யம்மா! அந்த கேன்சர் பேஷண்டே நான்தாம்மா! மசுரு தானா கொட்டிச்சு. சாமிக்கும் குடுக்கல, ஒனக்கும் குடுக்கல. போதுமா?"

மைக் கீச்சிட்டது. மாமியின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மரியாதையாக, சத்தமில்லாமல், தட்டுகளை நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். ஒருவர் மதில்மேல் வைத்தார். ஒருவருக்குத் திடீரென்று வயிறு சரியில்லை, ஒருவர் டயட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. வெளியே போகும்போது வரிசையாக முதுகுகள் தெரிந்தன. எல்லா முதுகிலும் நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று எழுதியிருந்தது. படகு வாங்கவைத்த அந்த வெள்ளத்தின்போது எங்கள் மாடியில் அடுப்பு மூட்டி இந்தத் தெருவுக்கே சோறு போட்டவள் அவள். வாங்கித் தின்ற அதே கைகள்தான் தட்டை வைத்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏற்கெனவே இரண்டு தட்டு சாப்பிட்டிருந்த நான், வீம்புக்கு மூன்றாவது தட்டுப் பொங்கலையும் அங்கேயே நின்று தின்றேன். அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா சந்தனமில்லாமல் வெறுந்தலையோடு வந்து வண்டியைப் போட்டாள். ஆட்டோக்காரர்கள் இருவர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். குடியிருப்பிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. செவ்வாயும் அப்படியே. வாட்ஸப் குழுவில் மட்டும் கேன்சர் ஒட்டுமா என்று ஒருவர் கேட்டார். இரண்டாம் மாடியிலிருக்கும் டாக்டர் ஒட்டாது என்று விளக்கமாக எழுதினார். எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். கட்டைவிரல்களை வைத்து ஓர் இட்லிகூட விற்க முடியாது. புதன்கிழமை அவள் மீந்த மாவைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நாளிக்கு ஊற வச்சது கீது, அத்தோட செரி. அப்பால வரல. பஸ்ஸு காசுக்குக் கூட தேறல" என்றாள். அங்கேயே இருந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்டேன். அவள் காலிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

நான் நேரே செயலாளர் வீட்டுக்குப் போய், வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். மாமி உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை. செயலாளர் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை கையில் ஒரு காகிதத்தோடு வண்டிக்கு வந்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி மாமி, கையில் தூக்குப் பாத்திரத்தோடு.

"ஏம்மா, நாங்க எல்லாரும் சேர்ந்து உனக்குன்னு தனியா ஒரு நிதி ஆரம்பிக்கறோம். உன் ஃபோட்டோ போட்டு, கேட்டுல பெரிசா ஒரு ஃப்ளெக்ஸ்..."

"ஃபோட்டோலாம் செத்தப்பறம் போடு, பெருசு" என்றாள் அக்கா. "நிதி கிதியெல்லாம் எனக்கு வேணாம். பசிக்குதா ஒனக்கு?"

அவர் திகைத்தார். வீட்டில் டிபன் ஆகிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"பசிக்குது" என்றார்.

"அப்ப குந்து. நாலு இட்லி துன்னுட்டு துட்டு குடு. அது போதும் எனக்கு."

இத்தனை வருஷமும் வாட்ச்மேனை அனுப்பி இட்லி வாங்கித் தின்றவர், முதல் முறையாக அந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் பழக்கதோஷத்தில், "சட்னில தண்ணி ஜாஸ்தி" என்றார்.

"நோவு வந்தா சட்னி கெட்டியாயிடுமா இன்னா? கம்முனு துன்னு."

மாமி தூக்கை நீட்டினார். "ஆறு இட்லி போட்டுக் குடும்மா, ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

"ஊட்டுக்குலாம் தர மாட்டேன். ஊட்டுக்கு எத்துக்கினு போயி நீ இன்னா செய்வியோ, எனக்கு இன்னா தெரியும்? இங்க நின்னு துன்னு, என் கண்ணு பாக்க."

மாமி ஆயுசில் தெருவில் நின்று எதையும் வாயில் போட்டதில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இலையை வாங்கிக்கொண்டார். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "மன்னிச்சுக்கோடி" என்றார். அக்கா இன்னொரு இட்லியை இலையில் வைத்தாள்.

அப்புறம் இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தாள். பால்கனி ஒவ்வொன்றிலும் ஒரு தலை தெரிந்தது.

"இன்னா வேடிக்க? சூடு ஆறிக்கினு கீது. துன்றவங்க எறங்கி வாங்க!"

முதலில் டாக்டர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லாரும் வரவில்லை, சில கதவுகள் சாத்திக்கொண்டன, அவை எந்தெந்தக் கதவுகள் என்று நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு மாவு மீதமாகவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அக்கா என் வண்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, ராயப்பேட்டைக்கு விடச் சொன்னாள்.