நீதிபதி சாக நாற்பத்திரண்டு நொடி

என் அக்கா புருஷன் ஷூ மாட்டி முடிப்பதற்குள் நான் பல் தேய்த்து, குளித்து, பஸ் பிடித்து வேலைக்கே போய்விடுவேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பாருங்கள். முதலில் இடது கால். லேஸை இழுப்பார். இரண்டு முனையும் ஒரே நீளமா என்று பார்ப்பார். இல்லையென்றால் அவிழ்த்து மறுபடி ஆரம்பிப்பார். வலது காலுக்கும் இதே சடங்கு. வீடு தீப்பிடித்தாலும் முனைகள் சமமாக இருந்தால்தான் மனிதர் வெளியே வருவார்.

இருவருக்கும் ஒரே நாடக அரங்கத்தில் வேலை. அவர் விளக்கு, நான் ஒலி. பார்வையாளர்களுக்குப் பின்னால், கண்ணாடி ஜன்னல் போட்ட ஒரு சின்ன அறை. அதில் நாற்காலியோடு நாற்காலி இடிக்க உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோம். அரங்கத்தில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்பார்கள். என்னை 'வெந்நீர்' என்பார்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் போல நிற்கிறேனாம். அந்தப் பெயரை வைத்தவள் என் சொந்த அக்கா. மற்றவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

கல்யாணத்துக்கு முன் அக்கா இதே அரங்கத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா தினமும் அவளுடைய ஜன்னல் முன் வந்து நிற்பார், "இன்னைக்குக் கூட்டம் எப்படி?" என்பார், போய்விடுவார். பதினோரு மாதம் இதே கேள்வி. பன்னிரண்டாவது மாதம் கூட்டத்தைப் பற்றிக் கேட்காமல், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் அந்த நேரத்தில் நாலு பேரிடம் கேட்டு நாலு பேரிடமும் திட்டு வாங்கியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேடைக்கு மேலே ஆறு பெரிய விளக்குகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஸ்க்ரோலர் என்று ஒரு பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே இரண்டு உருளை. பதினோரு வண்ணத் தாள்களை நீளமாக ஒட்டிச் சுற்றிய ஒரு சுருள். மோட்டார் சுருளைத் திருப்பும், வேண்டிய நிறம் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும். கேட்க எளிது. ஆனால் நீலத்திலிருந்து பொன் மஞ்சளுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பச்சை, ரோஸ், ஊதா எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் சுருளை நகர்த்தி, பிறகு ஏற்ற வேண்டும்.

வேகத்துக்குத் தனியாக ஒரு தள்ளுவிசை உண்டு. மேலே தள்ளினால் இரண்டே நொடியில் வேலை முடியும். ஆனால் ஆறு பெட்டியும் சேர்ந்து 'சர்ர்ர்' என்று பையின் ஜிப்பை இழுப்பதுபோல் சத்தம் போடும். கீழே இறக்கினால் சத்தம் இருக்காது, நிறம் வந்து சேர ஒரு யுகம் ஆகும். அந்த விசை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் மாமாவின் வாழ்க்கையே இருந்தது.

இந்த வருட நாடகத்தில் ஒரு நீதிபதி சாகிறார். நீல வெளிச்சத்தில் படுத்திருப்பார். "ஜன்னலைத் திற" என்று மகளிடம் சொல்வார். மேல் விளக்குகள் மெல்ல அணையும், தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மிஞ்சும். அவர் மூச்சு நின்றதும் பொன் மஞ்சளாக விடியும். மகள் அப்போதுதான் பேச வேண்டும்.

இதில் சிக்கல் நீதிபதியாக நடிப்பவர். முன்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், ஐயா இன்னும் கொஞ்சம் உயிரோடு இருப்பார். இரண்டு பேர் உறிஞ்சினால் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்ப்பார். ஒருநாள் ஜலதோஷக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார், அன்றைக்கு ஐயா மூன்று நிமிடம் சாகவே இல்லை.

போன வாரம் நடந்தது இது. சுருள் பாதி வழியில் இருந்தது. நீதிபதி செத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் காதில் "சீக்கிரம் மாமா, சீக்கிரம்" என்று அரித்தேன், முழங்கையால் இடித்தேன். எருமை மேல் மழை பெய்ததுபோல் எப்போதும் உட்கார்ந்திருப்பவர், அன்றைக்கென்று பதறிவிட்டார். வேகத்தை மேலே தள்ளி, விளக்கையும் சேர்த்து ஏற்றிவிட்டார்.

சர்ர்ர். இறந்துபோன நீதிபதி பச்சையானார், ரோஸானார், ஊதாவானார், கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், அரங்கமே குலுங்கியது. அழ வேண்டிய மகள் முகத்தை ஜன்னல் திரைக்குள் மறைத்துக்கொண்டாள். பிணத்தின் வயிறும் ஆடியது. எங்கள் மானம் கப்பலேறியது.

இயக்குநர் அறைக்கு வந்து சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை மாலைக் காட்சி கடைசி வாய்ப்பு, அன்றைக்கும் இப்படி ஆனால் மாமா விளக்கு மேசையை விட்டு வராந்தா பல்பு மாற்றும் வேலைக்குப் போகலாம் என்றார். மாமா தலையை ஆட்டினார். நான் இடித்ததால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊரையே திட்டும் எனக்கு அந்த நேரம் பார்த்து வாய் அடைத்துப்போனது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

அடுத்த நாலு நாளும் ஒத்திகையில் மாமா கடிகாரத்தோடு உட்கார்ந்து நீதிபதியின் சாவை அளந்தார். திங்கள் ஐம்பத்தெட்டு நொடி. செவ்வாய் ஒரு நிமிடம் இருபது. மற்ற இரண்டு நாளும் அதற்குக் குறையவில்லை. காலையில் காலி அரங்கத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஸ்க்ரோலரை ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டினார். சத்தம் கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கை தூக்கினேன். பெருக்க வந்த அம்மா, என்ன தப்பு செய்தேன் என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு தடவை வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் சுருள் ஓடி முடிந்து மஞ்சள் நிற்கிறது. நாற்பத்திரண்டு நொடி. மாமா அந்த இடத்தில் விசைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு நேராக இல்லையென்று அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

சனிக்கிழமை அக்காவும் வந்து நடுவரிசையில் உட்கார்ந்தாள். வராந்தா பல்பு விஷயம் அவளுக்குத் தெரியும். யாரால் என்பது தெரியாது.

"ஜன்னலைத் திற" என்றார் நீதிபதி. மாமா நீல விளக்குகளை இறக்கினார். இருட்டியதும் சுருளை நகர்த்தினார். மேடையில் படுத்திருந்த மனுஷன், மறுபடியும் ஊதாவாகிவிடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொள்ள முடிவுசெய்திருக்கிறார். இரண்டு பெருமூச்சு விட்டார், தலையைச் சாய்த்தார். ஒன்பது நொடியில் ஆள் காலி.

விளக்கு முன்னால் நிற்பது பச்சையோ என்னவோ. இன்னும் முப்பத்து மூன்று நொடி இருக்கிறது. மேடையில் பிணம் ஒன்று, மகள் ஒருத்தி, சின்ன விளக்கு ஒன்று. வெளிச்சம் வராமல் மகள் பேச முடியாது. என் கை என்னைக் கேட்காமலே அந்த விசைக்குப் போனது. மாமா அதை லபக்கென்று பிடித்துக்கொண்டார். அவர் எதையும் அவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

"இரு மச்சான். வந்துட்டிருக்கு."

கையை விடவே இல்லை. யாரோ ஒருமுறை இருமினார்கள். பிறகு அதுவும் நின்றது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருட்டைப் பார்க்கிறார்கள். என் ஹெட்போனில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

பிறகு விடிந்தது. பொன் மஞ்சள், வேறு எந்த நிறமும் இல்லை. மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள், அது அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது.

முடிந்ததும் இயக்குநர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"அன்னிக்கு அவசரப்படுத்தி இடிச்சது நான்தான் சார். மாமா மேல தப்பு இல்ல. பல்பு மாத்தணும்னா நான் போறேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் மாமா. இயக்குநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை நொடி என்று மட்டும் கேட்டார். சொன்னோம். இனி தினமும் அதே நாற்பத்திரண்டுதான், யாரும் அந்த விசையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்குப் பின்னாலேயே நீதிபதி வந்தார், முகப்பூச்சைக்கூடக் கழுவவில்லை. செத்தவன் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது, மூக்கில் ஈ வேறு என்று குதித்தார். மாமா யோசித்தார். நன்றாக யோசித்தார்.

"நீங்க கொஞ்சம் மெதுவா செத்தா சரியா வரும் சார்."

வெளியே படிக்கட்டில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். மாமா உள்ளே மேசைக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன், என் குற்றம் உட்பட. ரெண்டு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை.

"அந்த இருட்டுல பக்கத்துல இருந்தவங்க எல்லாம் என்னாச்சோன்னு நெளிஞ்சாங்கடா. எனக்கு மட்டும் பயமே இல்ல. வந்துட்டிருக்காருன்னு தெரியும். பதினோரு மாசம் அந்த டிக்கெட் ஜன்னல்ல உக்காந்து பழகினவ நான்."

கதவு திறந்திருந்தது. மாமா வெளியே வரும் வழியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு லேஸ் அவிழ்ந்திருந்தது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நாலு நிமிடம் இருந்தது. "மாமா" என்று கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.