குடும்ப அட்டையில் இருந்த பெண்

இங்கே விடிந்தால் ஆட்களை எழுப்ப யாரும் தப்புப் பறை அடிப்பதில்லை. மகாபலிபுரம் சாலையோரம், சவுக்குத் தோப்புக்குள் குடிசை போட்டு ஆறு மாதம் ஆன பிறகும், விடிகாலையில் எழுந்து பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்து நிற்பேன். பெரட்டு என்றால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கிற இடம். மலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். பெயர் கூப்பிட ஆளில்லை என்பது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கோ யாராவது பெயர் கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயம்.

எங்கள் அப்பா காலத்தில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, கொழுந்து பறிக்கிறவர்கள் இந்த நாட்டார் இல்லை என்று சட்டம் போட்டார்கள். அங்கேயே பிறந்த நான் இந்தியாக்காரி ஆனேன். கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்ததும் சிலோன்காரி ஆனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அதில் நான் எழுத்துக் கூட்டக் கற்றதே பெரிய காரியம். என் பிள்ளை முதுகில் கூடை ஏறக் கூடாது, புத்தகப் பைதான் ஏற வேண்டும் என்று எனக்கு வெறி.

பிள்ளை விஷயத்தில்தான் அந்தப் பொய். இந்தியாவுக்குப் போக எழுதிப் போட்டபோது எங்களுக்கு ஒரே பெண், ராஜேஸ்வரி, ஒரு வயது. மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கடுத்த வருடம் சாந்தி பிறந்தாள். எழுதிப் போட்டு ஏழு வருடம் கழித்து, இந்தியா போகிறவர்களுக்குத் தருகிற குடும்ப அட்டை வந்தபோது அதில் ராஜேஸ்வரி உயிரோடு இருந்தாள், சாந்தி இல்லை. பெயரைச் சேர்க்கக் கண்டியில் இருந்த இந்திய ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தோம். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார்கள். கங்காணிதான் வழி சொன்னார்: "செத்த புள்ள பேருல இருக்கிற புள்ளைய கூட்டிட்டுப் போங்க. யாரு பாக்கப் போறா?" ஐந்து வயதுக் குழந்தை எட்டு வயதுக்காரியாகக் கப்பலேறினாள்.

பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிற கன்னியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஜூன் மாதம் வந்து நின்றாள். "இன்னாமே, பொட்டப் புள்ளைய வூட்லயே வச்சிகினு கீற? இஸ்கூல் தொறந்துட்டாங்கோ, இட்டுகினு வா!"

சவுக்கு வெட்டப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. "எமர்ஜென்சி நேரம். கவர்மெண்டுக்குப் பொய் சொன்னா உள்ள தள்ளிருவாங்களாம். அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த வருசம் அட்டைல அவளுக்கு ஒம்பது வயசு. அப்ப ஒண்ணாம் வகுப்புல சேப்பாங்களா?" என்றேன். வாய்தான் பேசியது, உள்ளே எனக்கும் பயம். எங்களை உள்ளே வைத்தால்கூடப் பரவாயில்லை. எந்த நாட்டுக் காகிதத்திலும் இல்லாத பிள்ளையை மட்டும் பிடித்துக் கப்பலேற்றிவிட்டால்?

மறுநாள் கன்னியம்மா மீன்கூடையோடு எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய டீச்சர் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு, "காதைத் தொடும்மா" என்றார்.

தோட்டத்தில் காதைத் தொடச் சொன்னால் தப்புக்குத் தண்டனை. என் மகள் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். டீச்சர் காலில் விழுந்தேன். "தெரியாமச் செஞ்சிட்டோம் டீச்சர், புள்ளைய மட்டும் அனுப்பிறாதீங்க" என்று அழுதுவிட்டேன்.

"எங்கம்மா அனுப்பறாங்க? எழுந்திரு," என்றார் டீச்சர் குழம்பிப்போய். "வலது கையைத் தலைக்கு மேல கொண்டாந்து இடது காதைத் தொடணும். வயசு தெரியறதுக்கு, இங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

சாந்தி அப்படிச் செய்து பார்த்தாள். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எட்டு வயசுன்னு போட்டிருக்கே?"

கன்னியம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாய்ந்தாள். "இன்னா டீச்சர் நீ! மலங்காட்ல சோறு தண்ணி இல்லாம வளந்த புள்ள, சூம்பிப் பூட்ச்சி. அத்தப் போயி அளந்துகினு கீற!"

டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டார். சொல்லிக் கொடுத்தபடியே, "ராஜேஸ்வரி" என்றாள் என் மகள். எனக்கு மூச்சு வந்தது.

"கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா கண்ணு?"

இதற்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஒரு தங்கச்சி இருந்திச்சு. செத்துப் போச்சு."

"ஐயோ பாவம். அது பேரு என்ன?"

"சாந்தி," என்றாள், என்னைப் பார்க்காமல்.

டீச்சர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். இடம் கிடைத்தது. அவள் படித்தாள், இன்றுவரை அந்தப் பெயரிலேயே இருக்கிறாள். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் ஒரு சின்ன மண்மேடு இருக்கும். இன்னும் அங்கே இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு பூ வையுங்கள். எந்தப் பெயரைச் சொல்லி வைப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.