நாச்சம்மாள் டீச்சர் இறக்கிய லாந்தர்

சத்தியமங்கலத்திலிருந்து அந்தத் தபால் அட்டை வந்தபோது ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. படிக்கப் பயந்து மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பள்ளி விட்ட பிறகுதான் திருப்பினேன். நாச்சம்மாள் டீச்சர் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் பெண்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் தங்கள் பெண்களை அனுப்பியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்து எங்கள் பள்ளிக்கு அவர் வந்தபோது நான் தலைமை ஆசிரியை. பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர் மில்களுக்கு வந்திருந்தது, எங்களுக்கு லாந்தர்தான். கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் பெண்களை நிறுத்தி, கணக்கையும் விஞ்ஞானத்தையும் செய்து காட்டுவார். பனைமரத்தின் நிழலை அளந்து மரத்தின் உயரம் சொல்ல வைப்பார். எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி ஜாடியால் மூடுவார். அது தானாக அணையும். "ஏன் அணைஞ்சுது கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார். நானோ, பாவாடையில் தீப்பிடிக்குமோ, இன்ஸ்பெக்டர் வந்துவிடுவாரோ என்று வாசலுக்கும் வகுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

"புஸ்தகத்துல படிச்சாப் போதாதுங்களா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சது பரீட்சை வரைக்குந்தானுங்க. கண்ணுல பாத்தது கூடவே வரும்."

ஒரு கோடையில் பள்ளியை ஒட்டிய தோட்டத்தில், நெடுநாள் இறைக்காத கிணற்றைத் தூர்வார ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் கூச்சல் கேட்டு நாங்கள் இருவரும் ஓடினோம். முதலில் இறங்கிய சின்னானிடமிருந்து குரலே வரவில்லை. அவருடைய தம்பி மாரப்பன் தானும் இறங்கக் கயிற்றைப் பிடித்துவிட்டான். டீச்சர் அவனை நிறுத்தி, தோட்டத்துச் சாளை வீட்டில் தொங்கிய லாந்தரை ஏற்றிக் கிணற்றுக்குள் இறக்கினார். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. நான் பார்த்தேன்.

"உள்ள கெட்ட காத்துங்க. இப்ப எறங்குனா இவனும் வரமாட்டான்."

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சீறினார். "ஆளு உள்ள கெடக்கறான். வெளக்கு வெச்சு வெளையாடற நேரமாங்க இது?"

"உள்ள கெடக்கறது என்ற அண்ணனுங்க, உடுங்க!" என்று மாரப்பன் கதறினான்.

டீச்சர் கயிற்றின் மறுநுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். "எறங்கறதுன்னா என்னையும் இழுத்துக்கிட்டு எறங்கு."

வேப்பங்கொத்துகளைக் கட்டி இறக்கி, மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைக்கச் சொன்னார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் அவர் காதில், "வந்துடுங்க டீச்சர். ஆளு செத்துப்போனா பழி நம்ம மேலதான் வரும்" என்றேன். "கையக் குடுங்க, கொத்தை இழுக்கோணும்" என்றார். நான் கொடுக்கவில்லை.

மூன்றாம் முறை லாந்தர் அணையவில்லை. இடுப்பில் கயிறு கட்டி மாரப்பன் இறங்கினான். அண்ணனின் உடலைத்தான் கொண்டுவர முடிந்தது.

"அப்பவே எறங்க உட்டிருந்தாப் பொழச்சிருப்பாரே!" என்று சின்னானின் மனைவி மண்ணில் விழுந்து அழுதார். டீச்சர் மேல் மேலிடத்துக்கு மனு போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம், லாந்தர் அணைந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். வெளியே தோட்டக்காரர் நின்றிருந்தார். "கவனிக்கலீங்க" என்றேன். மாதம் முடிவதற்குள் டீச்சரைக் காய்ச்சல் விடாத சத்தியமங்கலம் மலையடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பஸ் ஏறும்போது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க பயந்துபோட்டீங்க. நானுந்தான் பயந்தனுங்க. அப்ப அவருக்கு மூச்சு இருந்திருக்குமோன்னு நெனச்சா இன்னும் தூக்கம் வர்றதில்லீங்க" என்றார்.

டீச்சர் இறந்த சேதி கேட்டு மாரப்பன் பள்ளி வாசலுக்கு வந்தான். இடுப்பில் கைக்குழந்தை. "அவங்க புடிச்ச புடியிலதானுங்க நான் நிக்கறேன்" என்றான்.

அவன் போன பிறகு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். லாந்தர் அணைந்ததைப் பார்த்தேன் என்றும், அன்று பொய் சொன்னேன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். என்னை எங்கே மாற்றுவார்களோ, வேலையே போகுமோ என்று இதை எழுதும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயத்தோடேயே செய்யவேண்டியதைச் செய்யலாம் என்பதுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அது என் கைக்கு வந்தபோது அவர் இல்லை.