ஏரியின் மேல் ஓடிப் பழகிய சனிக்கிழமை

2007ஆம் ஆண்டு, ஏப்ரல் தொடக்கம். ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், நிலக்கீழ் ரயிலின் கடைசி நிறுத்தமான மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து பதினேழு வருஷமாகியிருந்தது. அதுவரை பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறெதற்கும் ஓடியவள் அல்ல நான்.

அந்த வருஷம் எங்கள் சமையலறைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, மே மாதம் நடக்கும் பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். ஓடலாம், நடக்கலாம், முடித்தால் போதும் என்றார்கள். இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்துவிட்டது என்று டொக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் நானும் பெயர் கொடுத்தேன். தனியே பழக வெட்கமாக இருந்தது. அதனால் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த பெண்ணையும் இழுத்துக்கொண்டேன்.

அவள் மதுரைப் பக்கத்துப் பெண். வயது இருபத்தொன்பது. கணவனுக்குக் கணினி வேலை கிடைத்து வந்து எட்டு மாதம்தான். அந்த முதல் மாரிகாலம் முழுவதும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கழித்திருந்தாள். நான் "வடிவா நடக்கிறீங்கள்" என்றால், "வடிவான்னா என்னக்கா?" என்று கேட்பாள்; நன்றாக என்று விளக்குவேன். அவள் "செம குளிரு" என்றால் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேருமே தமிழ் கதைத்தோம், ஆனாலும் இடைக்கிடை மொழிபெயர்த்துக்கொண்டோம்.

மார்ச் மாதம் பழகத் தொடங்கினோம். மலிவு விற்பனையில் வாங்கிய சப்பாத்து, என் கணவரின் பழைய ஜம்பர். இரண்டு விளக்குக் கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். முதல் நாள் மூன்றாவது கம்பத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கிழமையில் பத்துக் கம்பம் வரை வந்துவிட்டோம். கஷ்டம் என்னவென்றால், எங்கள் பகுதி முழுக்க ஏற்ற இறக்கம். பனி கரையக் கரைய, பனியில் வழுக்காதிருக்க வீதியில் போட்டிருந்த பொடிக்கல்லிலேயே கால் வழுக்கியது. அவளுக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குக் காட்டுக்குள் இருக்கும் ஏரி நினைவுக்கு வந்தது.

பெப்ரவரியில் அந்த ஏரி உறைந்து கிடந்தபோது, குழந்தைகளும் நாய்களும் சறுக்குவண்டிகளுமாக ஒரு ஊரே அதன் மேல் நடந்ததை நான் பார்த்திருந்தேன். மேடு பள்ளம் இல்லாத இடம், கல்லும் இல்லை. பழக இதைவிட நல்ல இடம் உண்டா?

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணியளவில் போனோம். நல்ல வெயில். ஏரியின் மேல் ஒருவரும் இல்லை. அவள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, யாரையுமே காணோமே. இது தாங்குமா?"

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. மாசி மாசம் இதிலைதானே சனம் முழுக்க நடந்தது. எனக்குத் தெரியும், வாங்கோ."

ஐஸ் வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறமாக இருந்ததைக் கண்டேன். மேலே மெல்லிய தண்ணீர் நின்றதையும் கண்டேன். வெயிலுக்கு மேல்பக்கம் கொஞ்சம் கரைந்திருக்கிறது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். "நீங்க சொன்னா சரிக்கா" என்று அவள் இறங்கினாள்.

ஒரு தரம் நடுவரை போய்த் திரும்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது நாணல் நிற்கும் பக்கமாகக் குறுக்கே ஓடினேன். காட்டிலிருந்து ஓர் ஓடை அந்த இடத்தில்தான் ஏரிக்குள் விழுகிறது, அங்கே ஐஸ் மெல்லியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காலுக்குக் கீழே துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் கடந்துவிட்டேன். பத்தடி பின்னால் அவள் வந்துகொண்டிருந்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. "அக்" என்று அரைச் சொல் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை. கறுத்த தண்ணீர் மட்டும் ஒரு வட்டமாகக் கிடந்தது. பிறகு அவளுடைய தலை மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. ஐஸின் விளிம்பைப் பிடித்தாள். அது பிஸ்கட்போல உடைந்து அவள் கையோடு போனது. மறுபடி பிடித்தாள். மறுபடி உடைந்தது.

எனக்கு அந்த நேரம் கடவுள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. இவளுடைய மனுசனுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்பதுதான் வந்தது. அவளை நோக்கி ஓடினேன்.

"லெக் டெய் நே!"

கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். படு என்று அர்த்தம். அந்தக் குரல் என்னைக் கன்னத்தில் அறைந்ததுபோல் நிறுத்தியது. அப்படியே குப்புற விழுந்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் நானும் உள்ளேதான்.

கத்தியது நாயோடு நடக்க வந்த ஒரு நோர்வேஜியப் பெண். என் வயதுதான் இருக்கும். நாயை மரத்தில் கட்டிவிட்டு, குளிக்கும் இடத்துக் கம்பத்தில் தொங்கிய சிவப்பு மிதவை வளையத்தைக் கயிற்றோடு கழற்றிக்கொண்டு வந்தாள். வயிற்றால் ஊர்ந்து கொஞ்சத் தூரம் வந்து, வளையத்தை எறிந்தாள். அது எனக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் அதை ஐஸின் மேல் தள்ளித் தள்ளி அவளிடம் அனுப்பினேன். என் முழங்கைக்குக் கீழே ஐஸ் முனகுவது எனக்குக் கேட்டது.

"காலை அடிக்கச் சொல்லு! நீந்துவதுபோல அடிக்கச் சொல்லு!" என்று அந்தப் பெண் நோர்வேஜிய மொழியில் கத்தினாள். மேல்மாடிப் பெண்ணுக்கு அந்த மொழி இன்னும் பிடிபடவில்லை. நான் கத்தினேன்.

"வளையத்துக்குள்ளை கையைப் போடுங்கோ! காலைப் பின்னாலை உதையுங்கோ! உதையுங்கோ பிள்ளை!"

அவள் என்னையே பார்த்தாள். நான் சொன்னது விளங்கியதா என்று தெரியவில்லை. பிறகு கால் அடிபட்டுத் தண்ணீர் எழும்பியது. இரண்டு பேரும் கயிற்றை இழுத்தோம். முதல் தரம் விளிம்பு உடைந்து மீண்டும் உள்ளே போனாள். இரண்டாம் தரம் நெஞ்சுவரை மேலே வந்தாள். மூன்றாம் தரம் முழுதாக வந்து, ஈரச் சாக்குபோல ஐஸின் மேல் கிடந்தாள். எழும்ப விடாமல் உருண்டு உருண்டு வரச் சொன்னோம்.

கரையில் அந்தப் பெண் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. ஈர உடுப்பைக் கழற்றி, தன் கம்பளி ஸ்வெட்டரை அவளுக்கு மாட்டினாள். என் ஜாக்கெட்டை மேலே போட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவளை வைத்து இறுக்கி அணைத்தபடி கைத்தொலைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்தாள். பேசி முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. நடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏப்ரலில் ஐஸின் மேலா? இது யாருடைய யோசனை?"

நான் வாய் திறக்கவில்லை. உண்மையாகவே சொல்கிறேன், திறக்கவில்லை. பற்கள் அடித்துக்கொள்ள, நீலம் பாரித்த உதட்டோடு, மொழி வகுப்பில் படித்திருந்த இரண்டு சொல்லை மேல்மாடிப் பெண்தான் சொன்னாள்.

"மின் இடே."

என்னுடைய யோசனை என்று அர்த்தம். ஏரிக்குள் அவள் விழுந்தபோது எனக்கு வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. சாகக் கிடந்து எழும்பியவள், வந்ததும் முதல் வேலையாக என் மானத்தைக் காப்பாற்றுகிறாள். நான் அதையும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

அன்று பின்னேரம் வைத்தியசாலையில், அவளுக்கு ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்ன பிறகு, அவள் கணவனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான்தான் கூட்டிப்போனேன், அவள் கேட்டபோது தெரியும் என்று சொன்னதும் நான்தான். அவர் சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தானே அனுப்புனேன்" என்றார். அதன்பிறகு பல நாள் படியில் கண்டாலும் முகம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். கேட்டுவிட்டு என்னை வியப்பாகப் பார்த்தாள்.

"அம்மா, இது நாங்கள் மூண்டாம் வகுப்பிலை படிச்சது. சாம்பல் ஐஸிலை கால் வைக்கக் கூடாது, ஓடை வாற பக்கம் போகவே கூடாது. ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

ஏன் கேட்கவில்லை? பிள்ளையிடம் கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடும். அதுதான் காரணம்.

அந்த ஸ்வெட்டரைக் கழுவி வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் பல தரம் போனேன். அந்தப் பெண்ணை மறுபடி காணவில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

ஓட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு மாலை கதவு மணி அடித்தது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

"வாங்கக்கா. இந்த வாட்டி ரோட்டுலதானே?"

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் அவள் படியிறங்கினாள். மே மாதம் ஐந்து கிலோமீட்டரையும் முடித்தோம், பாதி ஓட்டம், பாதி நடை. கடைசிக் கோட்டில் அவள் கணவர் நின்றிருந்தார். அவளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கும் ஒன்றை நீட்டினார்.

இப்போதும் புதிதாக வந்தவர்கள் என்னிடம் ஏதாவது கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சும்மா சொன்ன ஒரு சொல்லின் மேல் ஒருத்தி நம்பிக் கால் வைத்ததையும், அது உடைந்ததையும் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.