இருபத்தெட்டுக்கு அடுத்தது

அம்மா என் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது கந்தக வாசனை வரும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவள் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். "அது என் கூடப் பொறந்தது, விடு" என்பாள். அந்தக் கை எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில், நான் கண் விழிப்பதற்குள் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா திருப்பூரில். பள்ளிக்கூடம் விட்டு வெறும் வீட்டுக்குள் நுழைந்ததும், ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தட்டிவிட்டு அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பேன். வரப்போகும் ஞாயிறுகளின் தேதிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். தப்பாகச் சொன்னால் ஒன்று குறைந்துவிடுமோ என்று பயம்.

ஆறாம் வகுப்பில், ஒரு செப்டம்பர் மாதம், கணக்கு டீச்சர் போர்டில் 7, 14, 21, 28 என்று எழுதி, அடுத்த எண் என்ன என்று என்னைக் கேட்டார். அந்த மாதத்து ஞாயிறுகள் அப்படியே வரிசையாக நின்றன. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு டீச்சர்."

"இருபத்தெட்டுக்கு அப்புறம் அஞ்சா?"

"ஆமா டீச்சர். முப்பத்தொண்ணு உள்ள மாசம்னா நாலு."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏலே, இவ ரிவர்ஸ் கியர் போட்டுட்டாலே" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே 35 என்று எழுதினார். முப்பத்தைந்தாம் தேதி எந்த மாதத்திலும் கிடையாதே என்று கவலையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், "அஞ்சாந்தேதி லீவுதான?" என்றேன்.

"சீசன்ல ஏது லீவு? தீவாளி கழியட்டும். மாசம் பூரா வீட்லதான் கெடப்பேன், என் மூஞ்சியப் பாத்துச் சலிச்சுப்போவ பாரு."

ஐந்தாம் தேதியும் வேன் வந்தது, போனாள். மதியம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. இடி மின்னலில் வெடிமருந்துப் பக்கம் இருக்கக் கூடாதென்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நனைந்து வந்தவளிடம் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினேன். "மழையில தலைக்கு ஊத்துனா சளி பிடிக்கும் கழுத" என்றவள், "அம்புட்டு வெடியும் காயாமக் கெடக்கு" என்று முணுமுணுத்தபடி சுவரில் சாய்ந்து அப்படியே உறங்கிப்போனாள். அவள் பகலில் உறங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்பிவிடுவேனோ என்று அசையாமல், வெளிச்சம் போகும்வரை பக்கத்தில் இருந்தேன். கேட்ட ஞாயிறு வந்திருந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. இப்போது திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிறேன். அடுத்த வருஷத்து ஞாயிறுகள் எல்லாம் சிவப்பு மையில் முன்கூட்டியே என் கைக்கு வந்துவிடுகின்றன. ஒன்று விடுபட்டிருக்குமோ என்று அடுக்கியதையே திரும்பவும் புரட்டிப் பார்ப்பேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே சீசனிலும் ஞாயிறு லீவு உண்டு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரலாம். சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர், "யக்கா, நாளைக்கும் வாரீகளா?" என்று கேட்பான்.

அவன் கேட்டு முடிக்குமுன் சரியென்று தலையாட்டிவிடுகிறேன்.