டோக்கியோ வழக்கில் நான் கொடுத்த நான்கு நிமிடங்கள்

சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் ஆண்டுக்கு ஒருமுறை வழக்காடு மன்றம் நடத்துகிறது. இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். வழக்கமாக இதிகாசத்திலிருந்து யாரையாவது கூண்டில் ஏற்றுவோம். சென்ற ஆண்டு ஒரு மாற்றத்துக்காக, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானியத் தலைவர்களை டோக்கியோவில் விசாரித்த நீதிமன்றத்தையே விசாரிப்பது என்று முடிவாயிற்று. கேள்வி ஒன்றுதான்: அந்தத் தீர்ப்பு நிற்குமா? நடுவராக என்னைப் போட்டார்கள். லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் கடிகாரப் பாகங்களை அளந்து சரிபார்ப்பது என் வேலை என்பதால், நேரம் பார்த்து மணி அடிக்கும் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டினார்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். தீர்ப்பு நிற்கும் என்ற பக்கம், முதியோர் இல்லமொன்றில் பணிபுரியும் மட்டக்களப்புப் பெண் ஒருவருக்கு விழுந்தது. நிற்காது என்ற பக்கம் என் நண்பருக்கு. அவர் வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் அழைப்பேன்.

சீட்டைப் பிரித்து வாசித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து வேறு எதையோ தேடிப் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. அண்ணையின் பெரியப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். ஜப்பானியர் அவரைச் ஆயிரக்கணக்கானோர் மாண்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே, எப்போது இறந்தார் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. பல வருடங்களுக்கு முன் அண்ணை சொன்னதை நானே எழுதி வைத்திருந்தேன்.

உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பக்கத்தை மாற்றிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். டோக்கியோவில் ஜப்பானியருக்காக வாதாடியவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள், அவர்கள் அரைமனதோடு வாதாடவில்லை என்றார். பெரியப்பாவைப் பற்றி மன்றத்தில் எவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். தெரிந்தால் ஒருவரும் சட்டத்தைக் கேட்கமாட்டார்கள், இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

மன்றம் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடியது. முதலில் அந்தப் பெண் பேசினார். பன்னிரண்டாவது நிமிடம் மணி அடித்தேன். வாக்கியத்தை முடித்து அமர்ந்தார். அடுத்து அண்ணை எழுந்தார். மூன்று மாதம் படித்திருந்தார் என்பது கேட்கும்போதே தெரிந்தது. போர் தொடுப்பதைத் தனிமனிதர் மீது சுமத்தும் குற்றமாக்கிய சட்டம், போர் முடிந்தபின் அந்த வழக்குக்காகவே எழுதப்பட்டது என்றார். பதினொரு நீதிபதிகளும் வென்ற பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள், அவர்களில் ஒருவர் தாமே ஜப்பானியப் படையிடம் கைதியாக இருந்தவர் என்றார். பேரரசர் கூண்டில் ஏற்றப்படவேயில்லை. நீதிபதிகளுக்குள்ளேயே ஓர் இந்தியர், அத்தனை பேரையும் விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதினார். இவற்றையெல்லாம் குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்.

பதினோராவது நிமிடம் தாண்டியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: “அண்ணை, உங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லைப்போல.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணை தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. நான் வாய் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்பதுபோல. அதற்குள் பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. விரல் மணியின் மேல் இருந்தது. அடிக்க முடியவில்லை. அவர் மறுபடி தொடங்கி, எரிந்துபோன இரண்டு நகரங்களைப் பற்றிப் பேசினார். வென்றவர் போட்ட குண்டைப் பற்றிக் கேட்க மறுத்த சபையை நீதிமன்றம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பதினாறு நிமிடத்தில் அமர்ந்தார்.

“என்ன அண்ணன், மணிக்கும் இண்டைக்கு லீவா?” என்றார் அந்தப் பெண். தீர்ப்பு நிற்காது, ஒரு வரியும் நிற்காது என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

ட்ராமில் நானும் அண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவருக்கு மாலை வேலை இருந்தது. வென்ற மனிதரின் முகமாக அது இல்லை.

“நீர் எனக்கு நாலு நிமிசம் கூடத் தந்தனீர்” என்றார்.

ஓம் என்றேன்.

“அதை வெட்டிப்போட்டுத் திரும்பத் தீர்ப்புச் சொல்லும்.”

எப்படியும் மாறாது என்றேன். அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: “நான் வெல்ல வரேல்லை. அந்த ஜப்பான்காரருக்காகச் சொல்லக்கூடியதெல்லாம் சொல்லி முடிச்சாப்பிறகும் குற்றம் எண்டு வந்தால்தான் அது பெரியப்பாவுக்குக் கிடைச்ச தீர்ப்பு. இல்லாட்டி ஆரோ ஆரையோ தூக்கில போட்டினம், அவ்வளவுதான்.”

ட்ராம் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியது. நகரங்களை எடுத்துவிட்டு, முதல் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் மனதில் ஓட்டினேன். பிறகு சொன்னேன். போர் தொடுத்த குற்றச்சாட்டு நிற்காது. அந்தச் சட்டம் பின்னால் வந்தது. ஆனால் கைதிகளையும் வேலைக்குப் பிடித்துச்செல்லப்பட்டவர்களையும் வதைத்துச் சாகடிக்கக் கூடாது என்பது போருக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது, ஜப்பானும் அதை ஏற்றிருந்தது. யார் உத்தரவிட்டார், யார் தெரிந்தும் தடுக்காமல் இருந்தார் என்று காட்டப்பட்டதோ அவர்கள் மீது அது நிற்கும். நீதிபதிகள் ஒரு பக்கத்தவர் என்பது பெரிய குறை, அது தீராது. அந்தக் குறையால் ரயில்பாதையில் நடந்தது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

“அப்ப அது நிக்கும்.”

“அது நிக்கும், அண்ணை.”

அவர் தலையை ஆட்டினார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வைத்தியசாலைப் பக்கம் நடந்தார்.

ரயிலில் ஊர் திரும்பும் வழியில் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு தரப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மன்றத்துக்கு வெளியே தீர்ப்பை மாற்றியிருக்கிறேன். மறுநாள் காலை அந்தப் பெண்ணை அழைத்தேன். மணி அடிக்காதது என் பிழை என்றேன். பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். புதிய தீர்ப்பையும் அதன் காரணத்தையும், எந்தச் சட்டம் முன்னே எது பின்னே என்பதையும் ஒழுங்காக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“அதைத்தானே அண்ணன் நான் முதல் அஞ்சு நிமிசத்துக்குள்ள சொன்னன்” என்றார். “நீங்க அப்ப அவரையேதான் பாத்துக்கொண்டு இருந்தீங்க.”

தொலைபேசியை வைத்துவிட்டு மன்றத்தில் எடுத்த குறிப்புகளைப் பிரித்தேன். அண்ணையின் வாதத்துக்கு இரண்டு பக்கங்கள், நிமிட வாரியாக. அந்தப் பெண் பேசியதற்கு மூன்று வரிகள் இருந்தன.