கிணற்றடிக் கல்லை நான் புரட்டிய வெள்ளிக்கிழமை

இதை எழுத உட்கார்ந்து, பேனையை மூடிவைத்து எழும்பிய நாட்கள் எத்தனையோ. உண்மை வெளியே வந்தால் என் பிள்ளைகள் தலைகுனிவார்களே என்று வருடக்கணக்காகத் தயங்கினேன். இப்போது நான் அல்லாஹ்வின் முன் தலைகுனியும் நாள் கிட்டிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவியின் சீதன வீட்டுக்கு நான் குடிவந்த புதிது. தூரக் கடலில் ஒரு கப்பல் நின்று தண்ணீருக்குள் வெடி போட்டது. அந்தக் கிழமை கரைவலையில் மீன் குறைந்துபோனது. அதே கிழமைதான் கல்முனையிலிருந்து அரசாங்கத்துக்காக நிலம் அளக்கும் அளவை ஐயா வந்தார். கிறிஸ்தவர், மெலிந்த மனிதர். கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு பெட்டியைத் தூக்கி வருவார். எங்கள் கிணற்றடியில் உடுப்புத் துவைக்கும் கருங்கல்லில் அதை வைத்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்து எழுதுவார். அந்த நேரம் பக்கத்தில் யாரும் நடக்கக்கூடாது. பிறகு நற்பிட்டிமுனைப் பக்கமெல்லாம் அளந்துவிட்டு, பின்னேரம் திரும்பவும் அதே கல்லுக்கு வருவார்.

ஒருநாள் கேட்டேன், என்னத்துக்கு இதெல்லாம் என்று.

“நம்மட கரைக்குக் கிழக்கால முந்தி ஒரு பெரிய நிலம் ஒட்டியிருந்து, பிளந்து தூரப் போயிட்டெண்டு சொல்றாங்க தம்பி. பிளந்த இடம் கடலுக்கடியில எங்கெண்டு பாக்கிறம். கப்பல் வெடிச்சத்தம் அடியில பட்டுத் திரும்பி வாறதக் கேக்கும். இந்தப் பெட்டி பூமி இழுக்கிற இழுவைய அளக்கும்.”

“அப்ப ஏன் ஐயா எங்கட கல்லுக்கே வாறீங்க?”

“பொழுது போகப்போகப் பெட்டி கொஞ்சம் வழுவும். காலையில பாத்த கல்லுலயே பின்னேரமும் பாத்தாத்தான் பிழையக் கழிக்கலாம். இந்த மணலுக்குள்ள அசையாத கல்லு இது ஒண்டுதான். கல்லு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இழுவை மாறிரும்.”

ஓம் என்று தலையாட்டினேன். நம்பவில்லை. மனைவியின் தம்பி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“நிலம் தொலைஞ்சி போச்சாமா? அது என்ன மாடா, தேடிப் புடிக்க? ஒரே கல்ல ரெண்டு நேரமும் பாக்கிறாரெண்டா அடியில புதையல் கிடக்கு மச்சான். அவர் கண்டாரெண்டா இந்த வீடு வளவெல்லாம் கவுண்மேந்துக்கு, என்ட ராத்தா, உங்கட பொஞ்சாதி, தெருவுக்கு.”

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை, ஐயா காலையில் பார்த்துவிட்டுப் போன பிறகு, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போன நேரம் கல்லை நெம்ப அலவாங்கை எடுத்தேன். அதுவரை ஒரு ஜும்ஆவும் விடாதவன் நான். மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“பாங்கு கேக்கல்லியா உங்களுக்கு? இந்த நேரத்துல கல்லுப் புரட்டுறீங்களே, அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?”

இடுப்பளவு தோண்டினேன். ஈரமணலும் ஊற்றுத் தண்ணீரும்தான். திருப்பிப் போட்டபோது கல் ஒரு சாண் இறங்கிவிட்டது. சுற்றியிருந்த மணலை வழித்து மட்டமாக்கித் தண்ணீர் ஊற்றினேன்.

பின்னேரம் ஐயா மூன்று தரம் பார்த்தார். எழுதினார், வெட்டினார்.

“கணக்கு உதைக்குதே. கல்ல ஆராவது அசைச்சதா தம்பி?”

“இல்ல ஐயா.”

“அஞ்சு நேரமும் தொழுற மனிசன், நீங்க சொன்னாச் சரி. அப்ப பெட்டியிலதான் பிழை.”

அவரே போய்த் தன் மேலதிகாரியான துரையிடம் அப்படிச் சொன்னார். பெட்டியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு மறைக்கிறாய் என்றாராம் துரை. ஐயாவின் வேலை போயிற்று. அதன்பிறகும் கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் “சுகமா தம்பி?” என்பார். நான் கறிச்சட்டி விலை கேட்பதுபோல் திரும்பிக்கொள்வேன். அவர் காலமானபோதும் போகவில்லை. நான் அவரைச் சந்தேகித்ததில் கொஞ்சமாவது அவர் என்னைச் சந்தேகித்திருந்தால் தப்பியிருப்பார்.

விட்ட ஜும்ஆவுக்கு அழுது பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தேன், படைத்த ரப்பு மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனல்லவா பொறுக்க வேண்டும்? ஆகவே இதை வாசிப்பவர்களே, யாருக்காவது சொல்வதானால் என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். கல்முனையில் அவருடைய மக்கள் இருந்தால் அவர்கள் காதுக்கும் எட்டட்டும். பெட்டி விழவேயில்லை. பொய் சொன்னவன் நான்.